மணிக்கு ஒன்பதாயிரம் லிட்டர்

ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியில் இருபத்திரண்டு வருஷம் ஊர் ஊராகப் போய், ஆந்திரா பார்த்து, ஒடிசா பார்த்து, ஜார்க்கண்ட் காட்டுக்குள் மூன்று மழைக்காலம் கிடந்து, தலைமயிரிலிருந்து கால் நகம் வரைக்கும் கல்மாவு ஏறிய உடம்போடு சித்திரை மாதம் வேப்பங்காட்டு வலசுக்குத் திரும்பி வந்த சென்னியப்பன், வந்த மூன்றாம் நாள் காலையில் காற்றில் மூச்சு விடுவதை நிறுத்திவிட்டு உப்புத் தண்ணீரில் மூச்சு விட ஆரம்பித்தார். அவர் சம்சாரம் பூங்கொடி அப்போது அடுப்படியில் இருந்தாள். நடையில் ஏதோ தொப்பென்று விழுந்த சத்தம் கேட்டு ஓடி வந்தவள், புருசன் வாயைப் பிளந்துகொண்டு தரையில் ஊர்ந்து போய், அரிநெல்லி ஊறப்போட்டிருந்த உப்புத்தண்ணி அண்டாவுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டதைப் பார்த்தாள். மயிரைப் பிடித்து வெளியே இழுத்தாள். அவர் கண் செருகியது. கையை விட்டாள், தலை மறுபடி அண்டாவுக்குள் போனது, தோள் இரண்டும் சீராக ஏறி இறங்கின. இப்படி மூன்று முறை இழுத்து, மூன்று முறை விட்டு, நாலாம் முறை அவள் இழுக்கவில்லை. அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

காரணம் என்னவென்று என்னைக் கேட்காதீர்கள். என் பெயர் மயில்சாமி, திருச்செங்கோடு போகிற ரோட்டில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன், கருகிய மோட்டாருக்கு வேண்டுமானால் காரணம் சொல்வேன். ஊரில் காரணம் சொன்னவர்களுக்குப் பஞ்சமில்லை. பாறையைத் துளைத்துத் துளைத்து நுரையீரலே கல்லாகிவிட்டது என்றார்கள், ஆயிரத்து இருநூறு அடியில் ஏதோ ஒரு கடலைக் கண்டுவிட்டு வாயைத் திறக்காமல் வந்துவிட்டான் என்றார்கள், ஒரு வாரம் பேசினார்கள், பிறகு அவரவர் தறியைப் பார்க்கப் போய்விட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்த டாக்டரம்மா, அண்டாவோடு தூக்கி வந்ததற்குக் கோபித்துக்கொள்ளாமல், முதுகில் குழலை வைத்து நெடுநேரம் கேட்டுவிட்டு, "உள்ள நல்லா இருக்காருங்கம்மா, வெளிய எடுக்காதீங்க" என்று சீட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அந்தச் சீட்டைத்தான் பூங்கொடி சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தாள்.

லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்காரர்கள் இரும்புச் சட்டம் அடித்துக் கொடுத்தார்கள், மூடிக் கிடந்த ஜவுளிக்கடை ஒன்றின் முகப்புக் கண்ணாடி வந்தது, பத்தடி நீளம், நாலடி அகலத்தில் மூவாயிரம் லிட்டர் பிடிக்கிற தொட்டி அவர்கள் முன்னறையில் உட்கார்ந்தது. சென்னியப்பன் அதற்குள் இடுப்பு வேட்டியோடு இறங்கிப் படுத்துக்கொண்டார். களியை உருட்டிக் கொடுத்தால் தண்ணீருக்குள்ளேயே விழுங்கினார். மற்ற காரியங்களுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்காத ஆள் இந்த ஜில்லாவிலேயே கிடையாது. பட்டறைக்காரன் அதற்குத் தனிக் குழாய் வைத்திருக்கிறான், அவ்வளவுதான் சொல்ல முடியும். ஊறிப்போன அவர் பெருவிரல் ரேகையை மெஷின் வாங்கவில்லை என்று ரேஷன் கடை சேல்ஸ்மேனே வீட்டுக்கு வந்து நோட்டில் குறித்துக்கொண்டு போனான். அவர் பேசினால் குமிழி மட்டும்தான் வரும். உதட்டைப் பார்த்துப் பூங்கொடி அர்த்தம் சொல்லுவாள். கலியாணமாகி இருபது வருஷத்தில் அவர்கள் சேர்ந்தாற்போல் ஒரு மாதம் ஒரே வீட்டில் இருந்தது அப்போதுதான் முதல் தடவை. குழந்தையில்லாத அந்த வீட்டில் அவள் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தபடி அவர் உதட்டைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் சீக்காளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு போகமாட்டார்கள். ரொட்டி, ஆரஞ்சு, ஹார்லிக்ஸ் என்று ஏதாவது மடியில் இருக்கும். சென்னியப்பனுக்கு அதெல்லாம் ஆகாது என்பதால் ஆளுக்கொரு படி கல்லுப்பு கொண்டு போனார்கள். உப்பை விளக்கு வைத்த பிறகு கை மாற்றக்கூடாது என்பதால் காலையிலிருந்து பொழுது சாய்வதற்குள் கூட்டம் வந்து போய்விடும். அப்படி வந்தவர்களில் தறிக்காரர் குழந்தைவேலுதான் முதலில் கையை விட்டவர். உப்பைத் தன் கையாலேயே தண்ணீரில் கரைக்கப் போனவருடைய கையை, நன்றி சொல்வதற்காகத்தான் இருக்கும், சென்னியப்பன் உள்ளிருந்து பிடித்தார். பிடித்த கையை விடாமல், பதினொரு வருஷமாக யாரிடமும் சொல்லாத ஒன்றை, பையன் வண்டி கேட்டு அழுத அன்றைக்கு வாங்கிக் கொடுத்தது தான்தான் என்பதை, அந்த வண்டியிலேயே அவன் போய்ச் சேர்ந்ததை, குழந்தைவேலு நின்ற வாக்கிலேயே சொல்லி முடித்தார். சென்னியப்பன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கையை வெளியே எடுத்த குழந்தைவேலு அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "லேசாயிருச்சுங்" என்றார். அன்றைக்கு அவர் வீட்டில் மூன்று வாட்டி சோறு வாங்கிச் சாப்பிட்டாராம்.

பிறகு கேட்கவா வேண்டும்? மறுநாள் வாசலில் இருபது பேர், அடுத்த வாரம் ஐம்பது பேர், வைகாசி பிறந்ததும் சங்ககிரியிலிருந்தும் குமாரபாளையத்திலிருந்தும் டவுன் பஸ்ஸில் உப்பு மூட்டையோடு வந்து இறங்கினார்கள். கையை விட்டார்கள், சொன்னார்கள், லேசாகிப் போனார்கள். மாமியாரை அடித்தவள் சொன்னாள், தங்கச்சியைக் கைவிட்டவன் சொன்னான், கருவைக் கலைத்தவள் சொன்னாள், சொல்லச் சொல்ல எல்லாம் அந்தத் தண்ணீரில் கரைந்தது. நானும் சொன்னேன். என் தம்பியோடு இரண்டு வருஷம் பேசாமல் இருந்தேன், அவன் செத்த அன்றைக்கும் வீம்பாகக் கடையைத் திறந்து வைத்து ஒரு மூன்று ஹெச்.பி. மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லிவிட்டு வந்த அன்றைக்குத்தான் ஆறு வருஷம் கழித்து எனக்குத் தூக்கம் என்றால் என்னவென்று தெரிந்தது. ஒரே ஒருத்தி மட்டும் அந்தத் தண்ணீரில் கையை விட்டு எதையும் சொன்னதில்லை. பூங்கொடி அவருக்குச் சோறு கொடுத்தாள், தலை தேய்த்துவிட்டாள், ஆனால் தன் குறை ஒன்றையும் அதில் போடவில்லை.

கொடுத்ததைத் திரும்ப வாங்கியவளும் ஒருத்தி இருந்தாள், செல்லாயி என்று, செத்துப்போன மகளை நினைத்து அழுதழுது கண் போனவள். அவள் அழுகையைக் கொடுத்துவிட்டுப் போய்ப் பதினைந்து நாளில் திரும்பி வந்தாள். "சாமி, புள்ளையோட குரல் எப்படி இருக்கும்னே நெனப்புக்கு வரமாட்டேங்குது, என்னுதை எனக்கே குடுத்துருங்க" என்று தண்ணீரில் கையை விட்டாள். சென்னியப்பன் அவள் கையைப் பிடித்துக் கொடுத்துவிட்டார். செல்லாயி தலையிலடித்து அழுதுகொண்டே, ஆனால் திருப்தியாக, வீட்டுக்குப் போனாள். அன்றைக்குத் தொட்டித் தண்ணீர் ஒரு சுற்று தெளிந்திருந்தது. நாங்கள் அவளைப் பைத்தியக்காரி என்றோம்.

வைகாசிக் கடைசியில் தண்ணீர் பால் ஊற்றாத வறடீ நிறத்துக்கு வந்துவிட்டது. மேலே எண்ணெய் மாதிரி ஒரு படலம், கிட்டப் போனால் பூட்டிய வீட்டு வாடை. பூங்கொடி என் கடைக்கு வந்து, காயில் சுற்றிக்கொண்டிருந்த என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, அவருக்கு மூச்சு வாங்குதுங்க."

"தண்ணிய மாத்திப் பாத்தியா அம்மிணி?"

"பாதித் தண்ணிய மாத்திட்டனுங்க. பொழுதுக்குள்ள பழைய நெறத்துக்கே வந்துருச்சு. அழுக்கு தண்ணியில மட்டும் இல்லீங்கண்ணா, அவரைச் சுத்தியே ஒட்டிக்கிட்டு நிக்குது. தண்ணிக்குள்ள இருக்கற மனுசனுக்கு மூச்சு வாங்குதுன்னா நான் எங்க போயிச் சொல்றதுங்க?"

சேலத்தில் கடல் மீன் தொட்டி விற்கும் ஜபருல்லா பாயை நான்தான் வரவழைத்தேன். அவர் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, தொட்டியில் படுத்திருந்த ஆளுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு, தண்ணீரில் ஒரு சொட்டெடுத்து முகர்ந்து பார்த்தார். "மீன் கழிவு இப்படி நாறாதுங்களே" என்றதோடு விட்டுவிட்டு, அதற்கு மேல் கிண்டவில்லை. கடல் தண்ணீர்த் தொட்டிக்கு ஸ்கிம்மர் வேண்டும் என்றார். அது ஒன்றும் பெரிய சூத்திரமில்லை. கறி வேகும்போது மேலே கட்டுகிற நுரையைக் கரண்டியால் எடுத்து வீசுகிறோமே, அதே வேலைதான். உயரமான ஒரு குழாய், அதற்குள் அடியிலிருந்து பொடிக் குமிழி, அதன் நடுவே தொட்டித் தண்ணீரைப் பம்பு வைத்து அனுப்பவேண்டும். தண்ணீரில் கரைந்த அழுக்கு குமிழியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி, நுரையாகி, உச்சியிலுள்ள கிண்ணத்தில் வழியும். கிண்ணத்தை எடுத்துக் கொட்டிவிட வேண்டியது. போர்க் குழிக்கு இறக்கும் கேசிங் பைப்பில் ஆறடி வெட்டி நானும் பட்டறைக்காரர்களும் அன்றைக்கே செய்துவிட்டோம். மிச்சமிருந்தது பம்பு ஒன்றுதான்.

"எத்தனை ஹெச்.பி. போடலாமுங்க பாய்?" என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே கேள்வி அதுதான்.

பாய் சிரித்தார். "மோட்டார்காரரே, இதுல பெலம் கணக்கில்லிங்க, வேகம்தான் கணக்கு. மெதுவா உட்டீங்கன்னா நுரை கெட்டியா, கறுப்பா, கொஞ்சமா வரும், ஆனா தொட்டித் தண்ணி பூரா குழாய்க்குள்ள வந்து சேராது, அழுக்கு தங்கிரும். வேகமா உட்டீங்கன்னா குமிழிக்கு அழுக்கைப் புடிச்சு ஏற நேரம் பத்தாது, தண்ணியே தளதளன்னு பொங்கிக் கிண்ணத்துல வழியும். வெளுத்த நுரை. அதோட அழுக்கும் போகும், உள்ள இருக்கவேண்டியதும் போயிரும்."

"இருக்கவேண்டியதுன்னா?"

"கடல் தண்ணில கண்ணுக்குத் தெரியாத சத்து எத்தனையோ கெடக்குதுங்க. அது போச்சுன்னா மீனு சாகாது. நீந்திக்கிட்டுதான் இருக்கும். நெறம் மட்டும் போயிரும்." பாய் தொட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "மூவாயிரம் லிட்டர் தொட்டி. மணிக்கு மூவாயிரம் லிட்டர் போதும். ஒரு மணிக்கு ஒருக்கா மொத்தத் தண்ணியும் உள்ள போயி வரட்டும்."

மூவாயிரம் லிட்டர் பம்பு ஓடியது. மறுநாள் காலையில் கிண்ணத்தில் தார் மாதிரி நாலு விரக்கடை நுரை நின்றது. பூங்கொடி அதை எடுத்துப் போய்ச் சாக்கடையில் கொட்டிவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு வாந்தியெடுத்தாள், பிறகு சிரித்தாள். பத்து நாள் தண்ணீர் தெளிவாக இருந்தது. அந்தப் பத்து நாளும் என் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் நான் அந்தப் பம்பைப் பற்றியே பேசினேன்.

தெளிந்த தண்ணீரைக் கண்டதும் கூட்டம் இரண்டு மடங்காயிற்று. ஆனிப் பாதியில் தண்ணீர் மறுபடி கறுத்தது, அவர் தோள் மறுபடி மேலும் கீழும் இழுத்தது. பாய்க்குப் போன் போட்டேன். "நான் தொட்டியை அளந்து சொன்னனுங்க, அது என் தப்பு" என்றார் பாய். "தொட்டிக்குள்ள தினம் என்ன விழுதுன்னு அளக்கோணும். நாலு மீன் இருக்கற தொட்டிக்கும் நாநூறு மீன் இருக்கற தொட்டிக்கும் ஒரே பம்பா? முதல்ல ஆளுக கை விடறதை நிறுத்துங்க, அப்பறம் பம்பைப் பேசலாம்."

அவர் சேலத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்லிவிட்டார். சீக்காளியைப் பார்க்க உப்போடு வந்தவனை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்புவது எங்கள் பக்கத்தில் நடக்காத காரியம். எழவு வீட்டில் கதவைச் சாத்துவதைவிடப் பெரிய அவமரியாதை. பூங்கொடிக்கும் அது வாயில் வரவில்லை. அதனால் கதவைச் சாத்துவதற்குப் பதிலாக நாங்கள் பம்பை ஏற்றினோம். ஐயாயிரம் வைத்தேன், ஆறு நாள் தாங்கியது. பிறகு நானே ஒரு மோட்டாரை எடுத்துக் காயிலை மாற்றிக் கட்டி, மணிக்கு ஒன்பதாயிரம் லிட்டர் தள்ளுகிற ஒன்றைச் செய்து கொண்டுபோய் மாட்டினேன். பம்புக்கும் குழாய்க்கும் நடுவில், தொட்டி விளிம்பை ஒட்டினாற்போல், சிவப்புக் கைப்பிடி வைத்த ஒரு வால்வு போட்டு, மூன்று, ஐந்து, ஒன்பது என்று பெயிண்டில் கோடும் கிழித்துக் கொடுத்தேன். ஒன்பதில் வைத்ததும் கிண்ணம் வெள்ளை வெளேரென்று பொங்கி வழிந்தது. பொழுது சாய்வதற்குள் தண்ணீர் கண்ணாடியோடு கண்ணாடியாகத் தெரியாமல் போனது. சென்னியப்பன் கை காலை நீட்டிச் சுகமாகப் படுத்திருந்தார். வந்திருந்த சனம் கை தட்டியது. நானும் அங்கே மீசையைத் தடவிக்கொண்டு நின்றேன், எனக்கு அதைச் சொல்ல இன்றைக்கு வெட்கமாக இருக்கிறது.

நாலு நாள் கழித்துப் பூங்கொடி மறுபடி கடைக்கு வந்தாள். இந்தத் தடவை என் கையைப் பார்க்கவில்லை, நேராக முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணா, தெனமும் காத்தால தான் போர் போட்ட ஊரையெல்லாம் வெரல் உட்டு எண்ணுவாருங்க. ஊரும் பேரும் எத்தனை அடியில தண்ணி வந்துச்சுன்னும் சொல்லுவாரு. முந்தாநாத்து ஒடிசா பூரா இல்லீங்க. நேத்து ஜார்க்கண்டு இல்லை. இன்னைக்கு அவுங்க அம்மா பேரு கேட்டனுங்க, முழிக்கறாரு."

கிண்ணத்தில் வழிந்த வெள்ளை நுரை எனக்கு அப்போதுதான் கண்ணில் நின்றது. தினம் இரண்டு குடம் அதைச் சாக்கடையில் கொட்டியிருந்தோம்.

அன்றைக்கு மத்தியானம் அவள் கதவைச் சாத்தினாள். எங்கள் ஊரில் அப்படி ஒரு காரியத்தை யாரும் செய்து நான் பார்த்ததில்லை. ஊர்ப் பெரியவர்கள் வந்து, தொலைவிலிருந்து வந்த சனத்தைத் திருப்பி அனுப்பினால் ஊருக்கு நல்லதா என்று கேட்டார்கள். அவள் தாழ்ப்பாளை எடுக்கவில்லை. பாய் ஓடி வந்தார். தண்ணீரைச் சோதித்துவிட்டு, பூங்கொடியை உட்காரச் சொல்லி, மறைக்காமல் சொன்னார். தண்ணீர் கண்ணுக்குத் தெளிந்தாலும், இனி ஒருத்தர் கையும் படாவிட்டாலும், ஏற்கெனவே விழுந்தது அவரைச் சுற்றி ஒட்டிக்கொண்டு உள்ளேயே நிற்கிறது. மூவாயிரத்தில் ஓட்டினால் அவர் நினைப்பு அவரிடமே இருக்கும், ஆனால் அழுக்கு போய்த் தீர நாற்பது நாளாகும், அவர் மூச்சு பத்து நாள்கூடத் தாங்காது. ஒன்பதாயிரத்தில் ஓட்டினால் ஒரு வாரத்தில் தண்ணீர் சுத்தமாகும், மனுசன் பிழைத்துக்கொள்வார்.

"பொழச்சு?" என்றாள் பூங்கொடி.

பாய் கிண்ணத்தில் வழிந்த வெள்ளை நுரையைக் கையால் காட்டினார்.

"கடலுக்குக் கொண்டு போயிட்டா என்னங்க?" என்று நான் கேட்டேன். தொட்டிக்குள்ளிருந்து சென்னியப்பன் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பூங்கொடியைக் காட்டி, தன் நெஞ்சைக் காட்டி, ஏதோ சொன்னார். அவள் அதற்கு அர்த்தம் சொல்லவில்லை, முந்தானையால் மூஞ்சியை மூடிக்கொண்டாள்.

அப்போது அவளுக்குச் செல்லாயி ஞாபகம் வந்தது. எழுந்து, செருப்புக்கூடப் போடாமல், ஆடி மாதக் காற்றில் மண் பறக்கிற வீதியில் இறங்கி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கூப்பிட்டாள்.

"மாமா, அத்தை, அண்ணா, உங்களை வேற ஒண்ணும் கேக்கலீங்க. நீங்க போட்டதை நீங்களே வந்து எடுத்துக்கங்க. ஆளுக்கு ஒண்ணுதானுங்க, உங்களுது உங்களுக்குப் பாரமா இருக்காது, பழகுனதுதானுங்க. அத்தனையும் சேந்து அவரைக் கொல்லுதுங்க. வந்து கையை மட்டும் உடுங்க, அவரு குடுத்துருவாரு. உங்க காலைத் தொட்டுக் கும்பிடறனுங்க."

வீதி நெடுகத் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு தறியும் நிற்கவில்லை. குழந்தைவேலு வீட்டு ஜன்னல் கதவு மட்டும் உள்ளிருந்து மெதுவாகச் சாத்திக்கொண்டது. செல்லாயி ஒருத்திதான் கோலை ஊன்றிக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தாள், ஆனால் திருப்பி வாங்க அவளிடம் பாக்கி எதுவும் இல்லை. என் கடை வாசலுக்கும் பூங்கொடி வந்தாள். நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளே விளக்கைப் போடாமல், ஒரு செத்த மோட்டாருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஷட்டருக்குக் கீழே அவள் பாதம் இரண்டும் தெரிந்தன, விரலெல்லாம் புழுதி. "அண்ணா, நீங்களுமா?" என்று கேட்டாள். என் தம்பியின் முகம் ஞாபகத்துக்கு வந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. ஆறு வருஷம் தூங்காமல் கிடந்தவனுக்குத்தான் அந்தப் பயம் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதம் இரண்டும் திரும்பிப் போய்விட்டன.

வீட்டுக்குப் போனவள் வால்வை ஒன்பதுக்குத் திருப்பினாள். திரும்பி இரண்டடி வைப்பதற்குள் சென்னியப்பன் தண்ணீரிலிருந்து கையை நீட்டி அதை மூன்றுக்குக் கொண்டுவந்தார்.

அதிலிருந்து அந்த வீட்டில் நடந்த சண்டையை நான் தினமும் பார்த்தேன். பம்பைப் பார்க்கிறேன் என்று ஒரு சாக்கு எனக்கு மட்டும் இருந்தது, அவளும் எனக்குக் கதவைத் திறந்தாள், ஏன் திறந்தாள் என்று தெரியவில்லை. அவள் ஒன்பதில் வைப்பாள், அவர் மூன்றில் வைப்பார். அவள் கெஞ்சுவாள், "செத்துப் போயிருவீங்க மாமா, சொன்னாக் கேளுங்க." அவர் உதடு அசையும், அவள் கோபத்தில் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்லுவாள், "நீ யாருன்னு தெரியாம இருந்து என்ன பண்ணறதுன்னு கேக்கறாருங்கண்ணா. கேட்டீங்களா இந்த மனுசன் பேசற பேச்சை? பத்து நாளு போதுமாம். இருபது வருசத்துக்குப் பத்து நாளு போதுமாம்." சொல்லிவிட்டு வால்வைப் போட்டுத் திருகுவாள். அவருக்கு மூச்சு முட்டிக் கண் செருகும்போது வால்வு ஒன்பதில் இருக்கும், தெளிந்து கண் திறக்கும்போது அவர் கை மூன்றைத் தேடி வரும். கைப்பிடியை அவள் கயிறு போட்டுக் கட்டினாள், அவர் பல்லால் கடித்து அவிழ்த்தார். இரண்டு பேருக்கும் விரல் தோலெல்லாம் உரிந்துபோயிற்று. இத்தனை ஆசையை வைத்துக்கொண்டு இரண்டு பேர் இப்படிக் கட்டிப் புரண்டு சண்டை போட்டதை நான் என் ஆயுசில் கண்டதில்லை.

மூன்றாம் நாள் அவர் கை வால்வை மூன்றுக்குக் கொண்டுபோகவில்லை, ஐந்திலேயே நின்றுவிட்டது. ஐந்தாம் நாள், கைப்பிடியைப் பிடித்துவிட்டு எந்தப் பக்கம் திருப்புவது என்று கொஞ்ச நேரம் யோசித்தார். ஆறாம் நாள் ஒரே ஒரு தடவைதான் கை வந்தது. அதுவும் திருப்பவில்லை, சிவப்பு நிறத்தை மட்டும் தடவிப் பார்த்துவிட்டுப் போனது.

ஏழாம் நாள் முற்பகல் நான் போனபோது அறை முழுக்க வெயில். தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத தெளிவு, அவர் நெஞ்சு பச்சைக் குழந்தையின் நெஞ்சைப் போலச் சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, முகத்தில் ஒரு சுருக்கமில்லை. கிண்ணத்தில் நுரை வழிவது நின்றுபோயிருந்தது, இனிமேல் எடுக்க உள்ளே ஒன்றும் இல்லை. பூங்கொடி வால்வுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். கைப்பிடி ஒன்பதில் இருந்தது.

"காத்தாலயிருந்து இங்கதான் வெச்சிருக்கறனுங்கண்ணா" என்றாள். "கையே வரலீங்க."

அவள் ஜெயித்துவிட்டாள். மனுசன் பிழைத்துக்கொண்டார்.

அவள் எழுந்து தொட்டி விளிம்பில் குனிந்தாள். வால்வை மூன்றுக்குத் திருப்பிக் காட்டினாள், மறுபடி ஒன்பதுக்குத் திருப்பிக் காட்டினாள். "மாமா, பாருங்க, நான் ஒம்பதுல வெச்சுட்டேன். வந்து திருப்புங்க. ஒருக்காத் திருப்புங்க மாமா. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். என்ன வேணா திட்டுங்க, வந்து திருப்புங்க." அழ ஆரம்பித்தாள், நான் அவள் அழுது அதுவரை பார்த்ததே இல்லை, கண்ணாடியைக் கையால் அடித்து அடித்து அழுதாள்.

அந்தச் சத்தத்தில் சென்னியப்பன் அவள் பக்கம் திரும்பினார். இத்தனை மாதமாக வந்தவர்கள் அழுதால் எப்படிப் பார்ப்பாரோ அதே மாதிரி, பரிவாக, பொறுமையாக அவளைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தண்ணீரிலிருந்து கையைத் தூக்கி, சொல்லு என்பதைப் போல அவளிடம் நீட்டினார்.

பூங்கொடி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"இல்லீங்க" என்றாள், முன்பின் தெரியாத ஆளிடம் பேசுகிற மரியாதையோடு. "எங்கிட்ட இது ஒண்ணுதானுங்க மிச்சம். இதைத் தரமாட்டனுங்க."